பெயர் வைப்பது சுலபம், எடுப்பதுதான் பாடு: காசிமேட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 41 வயதுப் பெண், எடை 52 கிலோ. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் அரிந்து கொடுக்கிறார், சில்லறையாகவும் விற்கிறார். தண்டையார்பேட்டைப் பக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் விசைப்படகில் போகிறவர். மாமியாரும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். ஓர் அக்டோபரில் தொடங்கி மறு வருஷம் டிசம்பர் வரைக்குமான பதினான்கு மாதத்தில் இவருக்கு நான்கு நோய்ப் பெயர்கள் சூட்டப்பட்டன: சிக்குன்குனியா, சர்க்கரை, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்). கடைசியில் இந்த நான்கில் எதுவும் உறுதியாக நிற்கவில்லை. ஆனாலும் அவர் இன்று வேலைக்குப் போகிறார், மருந்து சாப்பிடுகிறார், முன்பைவிட நன்றாக இருக்கிறார்.

இதே மாதிரிப் பிரச்சினையோடு வரும் பலரின் விவரங்களைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. அடையாளம் எதுவும் யாரையும் குறிக்காது. பரிசோதனை எண்கள் இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் அளவை ஒட்டியவை.

நீண்ட நாள் நோயில் பெயர் கிடைக்காமல் போவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்த நிகழ்வில் கெடுதல் செய்தது அது அல்ல. அவசரத்தில் வைத்த பெயர்களை யாரும் திரும்ப எடுக்காததும், ஒரு பெயருக்குக் கொடுத்த மருந்தின் விளைவு அடுத்த பெயருக்குச் சாட்சியாக மாறியதும்தான் கெடுத்தன.

காய்ச்சலும் காகிதப் பொட்டலமும்

அக்டோபரில் நான்கு நாள் காய்ச்சல், கூடவே கை கால் மூட்டெல்லாம் வலி. மழைக்காலம், தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் சிக்குன்குனியா என்று சொன்னார்கள். இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. காய்ச்சல் போய்விட்டது, வலி போகவில்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட நீடிக்கும் என்பது உண்மை. அதனால்தான் இந்தப் பெயர் எந்தக் கேள்வியும் இல்லாமல் நிலைத்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஐ.ஜி.ஜி. (பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், ஐ.ஜி.எம். (அண்மைத் தொற்றைக் காட்டுவது) நெகட்டிவ். எப்போதோ ஒரு தடவை அந்த வைரஸ் உடம்பில் வந்து போயிருக்கிறது என்பதற்கு மேல் இதற்குப் பொருள் இல்லை. 2006இல் பெரிய அளவில் பரவியதிலிருந்து சென்னையில் இப்படி பாசிட்டிவ் காட்டுபவர்கள் ஏராளம். அந்த அக்டோபர்க் காய்ச்சல் எது என்பது இனித் தெரியப்போவதில்லை. முதல் ஒரு வாரத்துக்குள் பி.சி.ஆர். எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை பொட்டல மாத்திரை. மெடிக்கலில் வலி என்று சொன்னால் மூன்று மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்து, ‘மூணு வேளை, நாஷ்டா ஆனதும் போடுங்க’ என்று கொடுப்பார்களே, அதுதான். ஸ்ட்ரிப்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. பின்னால் விசாரித்ததில் உள்ளே இருந்தவை தெரிந்தன: பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 0.5 மி.கி., டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை 50 மி.கி., ஒரு வயிற்றெரிச்சல் மாத்திரை. மூன்று வேளை பீட்டாமெத்தசோன் என்பது ஒரு நாளைக்கு 10 முதல் 12 மி.கி. பிரெட்னிசொலோனுக்கு (வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு) இணை. இரண்டே நாளில் வலி பறந்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்தப் பொட்டலம் மூன்று வேலை செய்தது. வீக்கத்தை மறைத்தது, அதனால் மார்ச்சில் கையைப் பார்த்த மருத்துவருக்கு மூட்டில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. சர்க்கரையை ஏற்றியது: பிப்ரவரியில் சாப்பாட்டுக்குப் பின் 212, உடனே ‘சர்க்கரை’ என்ற பெயரும் மெட்ஃபார்மினும் வந்து சேர்ந்தன. மூன்றாவது, டைக்ளோஃபினாக் விடாமல் உள்ளே போனதில் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 1.3 ஆனது. எலும்பும் தோலுமாக இருக்கும் 52 கிலோ பெண்ணுக்கு 1.3 என்பது சின்ன எண் இல்லை. அடுத்து வந்த விபத்துக்கு இந்த 1.3தான் பாதி காரணம்.

சனிக்கிழமை என்று யார் படித்தார்கள்?

மார்ச் தொடக்கத்தில் வேறொரு மருத்துவர் ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்காக எடுக்கும் இரத்தப் பரிசோதனை) எடுத்துப் பார்த்தார். 24, அந்த லேபின் எல்லை 20. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 62, ஹீமோகுளோபின் 9.8. முடக்குவாதம் என்று முடிவுசெய்து மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி. வாரம் ஒரு முறை, ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. இன்னொரு நாள் என்று எழுதினார். மருந்துத் தேர்வில் தவறில்லை. சீட்டில் ‘1-0-0’ என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக ஆங்கிலத்தில் சனிக்கிழமை என்று இருந்தது. மெடிக்கலில் முழு ஸ்ட்ரிப், பத்து மாத்திரை. கவர்மேல் காலை கட்டத்தில் ஒரு டிக். 1-0-0 என்றால் தினமும் காலை ஒன்று என்றுதான் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் யாருக்கும் தெரியும். அவரும் அப்படித்தான் சாப்பிட்டார், எட்டு நாள். மெத்தோட்ரெக்ஸேட்டும் மஞ்சள், ஃபோலிக் ஆசிட்டும் மஞ்சள் என்று வருவதுண்டு. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிரியேட்டினின் ஏறியிருந்ததாலும் டைக்ளோஃபினாக் கூடவே போனதாலும் அது வெளியேறாமல் தேங்கியது. எட்டாம் நாள் வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. வெள்ளணு 2,900, தட்டணு 1.3 லட்சம். அரசு மருத்துவமனையில் சேர்த்து, மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி, ஃபோலினிக் ஆசிட் கொடுத்தார்கள். ஃபோலிக் வேறு, ஃபோலினிக் வேறு. மெத்தோட்ரெக்ஸேட் அடைத்துவைக்கும் இடத்தைத் தாண்டி வேலை செய்வது ஃபோலினிக்தான். வீட்டிலிருக்கும் ஃபோலிக் மாத்திரையை நாலு சேர்த்துப் போட்டால் சரியாகாது.

அங்கே ஒரு செவிலியர் செய்த காரியத்தைக் குறிப்பிட வேண்டும். கணவரைப் பார்த்து, ‘அண்ணா, வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்தாங்க. பொடி, எண்ணெய், கஷாயம் எதையும் விடாதீங்க’ என்றார். அந்தப் பையிலிருந்துதான் பொட்டலம் வெளிவந்தது. அதுவரை இவரைப் பார்த்த யாருக்கும் அவர் ஸ்டீராய்டு எடுப்பது தெரியாது. அவருக்கே தெரியாது.

தெரிந்ததும் பொட்டலத்தை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் எழுந்து நின்றால் தலைசுற்றல், வாந்தி, பி.பி. 90/60, சோடியம் 131. காலை எட்டு மணிக்கு எடுத்த கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு) 2.6, மிகக் குறைவு. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும், திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, பிறகு பிரெட்னிசொலோன் 7.5 மி.கி. என்று மாற்றினார்கள். பொட்டல மாத்திரையை இன்று இரவே குப்பையில் போடச் சொல்வது தவறு என்பதற்காக இதை இத்தனை விவரமாகச் சொல்கிறோம். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் நல்ல மருந்து. யாரும் இதைப் படித்துப் பயந்து நிறுத்த வேண்டாம். வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். சீட்டிலும் கவரிலும் ‘சனிக்கிழமை மட்டும்’ என்று தமிழில், பெரிய எழுத்தில், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மாத்திரை என்றால் நான்கு வாரத்துக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வாங்காதீர்கள். தினசரி மாத்திரை டப்பாவில் அதைச் சேர்க்காமல் தனியாக வையுங்கள். சாப்பிட்டதும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடக் கூடாது. தொடங்கும் முன் முழு இரத்த அணுக் கணக்கு, கல்லீரல், கிரியேட்டினின், ஹெப்படைட்டிஸ் பி, சி பார்த்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு அட்டவணையிலும் தேறிய நோயாளி

வார்டில் இருக்கும்போதே ஏ.என்.ஏ. (தன் செல்களையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள். 1:160, புள்ளி வடிவம். அன்றைய தேதியில் அவரை லூபஸ் மதிப்பெண் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் (2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்டது) இப்படி வரும்: ஏ.என்.ஏ. 1:80க்கு மேல், எனவே உள்ளே நுழையலாம். மூட்டு 6. வெள்ளணு 4,000க்குக் கீழ், 3. வாய்ப்புண் 2. ஆக 11. பத்து போதும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘லூபஸ்’ ஏறிவிட்டது, கேள்விக்குறிகூட இல்லாமல்.

வெள்ளணு குறைந்ததும் வாய்ப்புண் வந்ததும் மெத்தோட்ரெக்ஸேட்டால். அதே அட்டவணையின் விதியிலேயே, வேறு காரணம் பொருந்துகிற அறிகுறியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. இரண்டு வாரத்தில் புண் ஆறியது, வெள்ளணு 5,600க்கு வந்தது. அந்த ஐந்து மதிப்பெண்ணையும் கழித்தால் மிஞ்சுவது 6.

வேடிக்கை என்னவென்றால், முடக்குவாதத்துக்கான 2010ஆம் ஆண்டு அட்டவணையில் போட்டாலும் அவர் தேறுவார். நான்கிலிருந்து பத்து சிறு மூட்டுகளுக்கு 3, ஆர்.ஏ. ஃபேக்டர் சற்றே கூடுதலாக இருப்பதற்கு 2, ஈ.எஸ்.ஆருக்கு 1, ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பதற்கு 1. மொத்தம் 7, ஆறு போதும். ஆனால் அந்த அட்டவணைக்குள் நுழையவே குறைந்தது ஒரு மூட்டிலாவது உறுதியான அழற்சி வீக்கம் தெரிய வேண்டும். முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி-சி.சி.பி. பரிசோதனை நெகட்டிவ். கை அல்ட்ராசவுண்டில் மூட்டுச் சவ்வு வீங்கவில்லை. அதைக்கூட ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது பார்த்தது என்பதால் முழுதாக நம்ப முடியாது.

இந்த அட்டவணைகள் ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைச் சேர்க்க உருவானவை. நெட்டில் மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏ.என்.ஏ. விஷயமும் அப்படித்தான். 1:80 அளவில் எந்த நோயும் இல்லாதவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு பாசிட்டிவ் வரும், 1:160இல் ஐந்து பேருக்கு. ஆர்.ஏ. ஃபேக்டரும் வயதானவர்களிடம், காசநோய், ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர்களிடம் ஏறும். ஈ.எஸ்.ஆரை இரத்தசோகையே ஏற்றும். ஒரு தடவை பாசிட்டிவ் வந்த ஏ.என்.ஏ.வை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுப்பது காசைக் கடலில் போடுவது. எண் கூடினாலும் குறைந்தாலும் சிகிச்சை மாறாது. அந்தப் பணத்தில் சிறுநீர்ப் பரிசோதனை ஒரு வருஷத்துக்கு எடுக்கலாம். லூபஸில் சிறுநீரகம் பாதிக்கும்போது வலி இருக்காது, முதலில் தெரிவது சிறுநீரில் போகும் புரதம்தான். இவருக்கு அது இல்லை.

யாரும் கேட்காத இரண்டு கேள்விகள்

ஏப்ரலில் அவர் ருமட்டாலஜி (வாதநோய்) ஓ.பி.க்கு அனுப்பப்பட்டார். வடசென்னைக்காரர்களுக்கு இந்தத் துறையென்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை கைக்கெட்டும் தூரம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு தண்டையார்பேட்டையிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம், விறைத்த கையோடு பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. சிறப்பு ஓ.பி. எந்தக் கிழமை என்பதை முன்னாடியே கேட்டுக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

‘காலையில் எழுந்ததும் விரல் விறைப்பாக இருக்கிறதா?’ என்று முந்தைய மருத்துவர்கள் கேட்டபோதெல்லாம் ‘இல்லை’ என்றே சொல்லியிருந்தார். ஏலத்துக்கு அவர் எழுவது இரவு இரண்டு மணிக்கு. மற்றவர்களுக்குக் காலை விடியும்போது அவர் எழுந்து நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். விறைப்பு இருந்ததெல்லாம் இரண்டு மணிக்கு. ஓ.பி.யில் கேள்வி மாறியது: ‘தூங்கி எழுந்ததும் தலைமுடியைப் பின்ன விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?’ ‘ஒண்ணரை மணி நேரம் ஆவும்ங்க. படகு வர்ற வரைக்கும் பொண்ணுதான் பின்னி விடுது.’ அரை மணிக்கு மேல் நீடித்தால் அழற்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆறு மாதமாக ஆவணத்தில் ‘விறைப்பு இல்லை’ என்று இருந்தது இப்படித்தான்.

இன்னொன்று ஐஸ். பெட்டியில் நொறுக்கிய ஐஸுக்குள் கைவிட்டு வஞ்சிரத்தை எடுக்கும்போது அவருடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவோடு கோடு போட்டாற்போல வெளுக்கும். பிறகு நீலம். வெயிலில் காட்டினால் சிவந்து எரியும். ஐஸில் கைவைத்தால் யாருக்கும் கை மரத்துத்தான் போகும் என்று துறைமுகத்தில் யாரும் இதை நோயாக நினைக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மரத்துப்போவது வேறு, எல்லை தெரிய வெளுப்பது வேறு. இது ரேனாட் நிகழ்வு, குளிரில் விரல் இரத்தக் குழாய் சுருங்கிக்கொள்வது. இளம்வயதில் தொடங்குவது பெரும்பாலும் தனியாக வந்து தனியாக இருக்கும். நாற்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கினால் பின்னால் இணைப்புத்திசு நோய் (எதிர்ப்புச் சக்தி மூட்டு, தோல், இரத்தக் குழாய்களைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள்) ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். நகக்கண்ணில் எண்ணெய்த் துளி விட்டு உருப்பெருக்கியில் பார்த்ததில் ஒன்றிரண்டு தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) விரிந்திருந்தன. மீன் முள் குத்திக் குத்தி நகக்கண் காயப்பட்ட கை என்பதால் அதைமட்டும் வைத்து எதுவும் முடிவு கட்டவில்லை. மற்ற ஆன்டிபாடிகள், சி3, சி4 (லூபஸ் தீவிரமானால் குறையும் இரத்தப் புரதங்கள்), இரட்டை இழை டி.என்.ஏ. ஆன்டிபாடி எல்லாம் ஒன்றும் சொல்லவில்லை.

எழுதிய பெயர்: வகைப்படுத்தப்படாத இணைப்புத்திசு நோய். ‘இத்தினி டெஸ்ட் எடுத்தும் இன்னா நோவுன்னு பேர் சொல்லத் தெரியலையா சார்?’ என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குபேருக்குப் பிற்பாடு ஒரு தெளிவான நோயாக உருவெடுக்கும், பெரும்பாலும் முதல் ஐந்து வருஷத்துக்குள். மற்றவர்கள் இப்படியே இருப்பார்கள், சிலருக்கு மறைந்தும் போகும். எந்தப் பக்கம் போகும் என்று இன்று எடுக்கும் எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ‘தெரியவில்லை’ என்பதோடு ‘எதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம், எப்போது பார்ப்போம், நடுவில் எது வந்தால் ஓடிவர வேண்டும்’ என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்கிற மருத்துவரைக் கைவிடாதீர்கள். இன்னொரு பெயர் தேடி நாலு இடம் அலைவதைவிட அது மேல்.

மருந்தா, தடைக்காலமா?

எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைத் தணிக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகக் கூடாது என்பது கணக்கு. 52 கிலோவுக்கு 260. ஐந்து நாள் 200, இரண்டு நாள் 400 என்று கொடுத்தால் சராசரி 257 வரும், கணக்குக்குக் கச்சிதம். ஆனால் கிழமைக் குழப்பத்தில் ஏற்கெனவே அடிபட்டவருக்கு அப்படி எழுதாமல் தினமும் 200 மட்டும் என்று எழுதினார்கள். சரியான முடிவு. சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். முதல் வருஷத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ளலாம். விழித்திரை ஸ்கேனும் பார்வைப்புலச் சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள், கண்ணாடி பவர் பார்ப்பது போதாது.

மருந்து தொடங்கிய அதே வாரம், ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. துறைமுகத்தில் வேலை சுருங்கும், ஐஸ் குறையும், இரண்டு மணிக்கு எழ வேண்டியதில்லை. ஜூன் மத்தியில் விறைப்பு 90 நிமிஷத்திலிருந்து 25க்கு வந்துவிட்டது, விரல் வெளுப்பது வாரத்துக்கு ஒன்பதிலிருந்து ஒன்றானது. இது மருந்தின் வேலையா, ஓய்வின் வேலையா? இந்த மருந்து வேலைகாட்டவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். வீட்டில் மாமியார் இடையில் கொடுத்த சூரணத்துக்கும் பங்கு கேட்டார்.

இதற்கிடையே ஸ்டீராய்டையும் குறைக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் நடுவில் 5 மி.கி., ஜூன் முதல் 2.5. ஜூன் 15இல் நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் திட்டம். அந்த நாள் வேலையும் திரும்பத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் மாறினால், வலி வந்தால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. எனவே 2.5ஐ ஜூலை முடிய நீட்டினார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் மாத்திரையைத் தள்ளிப்போட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் எடுத்தார்கள் (பிரெட்னிசொலோன் உடம்பில் இருந்தால் அந்தப் பரிசோதனை ஏமாற்றும்). 12 வந்ததும் நிறுத்தினார்கள்.

ஐஸ் திரும்பியதும் பதில் கிடைத்தது. ஜூலை முதல் இரண்டு வாரத்தில் விரல் வெளுப்பது வாரத்துக்குப் பதினொன்று, முன்பைவிட அதிகம். விறைப்பு மட்டும் 30 நிமிஷத்தைத் தாண்டவில்லை, ஸ்டீராய்டு போன பிறகும் தாண்டவில்லை. ஆக, மூட்டுக்கு மருந்து கேட்கிறது, விரலுக்கு ஐஸை விலக்க வேண்டும். இரண்டையும் ஒரே ‘வலி’ என்ற சொல்லில் அடக்கியிருந்தால் ‘மருந்து பலிக்கவில்லை’ என்று நிறுத்தியிருப்பார்கள்.

கையைக் காப்பாற்றிய ஏற்பாடு

இரப்பர் உறை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் குளிரும். உள்ளே பருத்தி உறை, மேலே இரப்பர். பருத்தி உறை நான்கு ஜோடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ந்ததை மாற்ற வேண்டும். இரண்டு கையிலும் போட்டால் கத்தி வழுக்குகிறது, அரிவாள்மனையில் விரல் போகும் அபாயம். ஆகவே மீனைப் பிடிக்கும் இடக்கைக்கு மட்டும் இரட்டை உறை. வலக்கைக்குக் கத்திப் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினார்கள், பிடிக்கத் தேவைப்படும் அழுத்தம் பாதியானது. ஐஸ் அள்ளுவது பிளாஸ்டிக் முறத்தால், முடிந்தவரை பக்கத்துக் கடைப் பையன். வெளுத்த விரலைக் கொதிநீரில் விடக் கூடாது. உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர் அல்லது அக்குள். இத்தோடு இரத்தக் குழாயை விரிக்கும் அம்லோடிபின் 5 மி.கி. சேர்ந்ததும் வாரத்துக்கு நான்காகக் குறைந்தது. மார்கழிக் குளிரில் ஆறு. கணுக்கால் சற்று வீங்கியது, அது இந்த மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவு. ஆனால் காலையில் முகமும் சேர்ந்து வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், அதை மாத்திரைமேல் போடக் கூடாது. சளிக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகள் விரல் இரத்தக் குழாயைச் சுருக்கும் என்பதால் அவருக்கு ஆகாது.

நெத்திலி ஆய்வது விரல் நுனி வேலை, வஞ்சிரம் துண்டு போடுவது தோள் வேலை. கெட்ட நாளில் முந்தையதை விட்டுவிட்டுப் பிந்தையதை எடுத்துக்கொள்கிறார்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. நாளுக்கு ஒரு வரி, ஐந்து கட்டம்: எழுந்த நேரம், முடி பின்னும் அளவுக்கு விரல் மடங்க ஆன நிமிஷம், விரல் வெளுத்த தடவை, வேலை உண்டா இல்லையா, புதிதாக வாயில் போட்ட எதுவும் (சூரணம், சளி மாத்திரை, முடி கொட்டுவதற்கு வாங்கும் பயோட்டின் உட்பட, ஏனெனில் பயோட்டின் தைராய்டு பரிசோதனையைத் தப்பாகக் காட்டவைக்கும்). வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னால் இரண்டு வாரத்தில் எல்லாம் ஏழு என்று ஆகிவிடும். நிமிஷமும் தடவையும் எண்ணக்கூடியவை, அவைதான் உதவும். எழுதப் பழக்கமில்லாதவருக்குப் பிள்ளைகள் எழுதலாம், இங்கே மகள் எழுதினாள். விரல் வெளுக்கும்போது ஃபிளாஷ் இல்லாமல், நிழலில், செல்போனில் ஒரு படம். ஓ.பி.யில் கை வழக்கம்போல இருக்கும், படம்தான் பேசும்.

நோட்டின் முதல் பக்கத்தில் ‘வைத்த பெயர், யார் எதை வைத்துச் சொன்னது, இப்போது நிலை’ என்று ஒரு பட்டியல். இவருடையதில் இப்போது இருப்பது: சிக்குன்குனியா, பரிசோதனை இல்லாமல் சொன்னது, நிரூபிக்க முடியாது. சர்க்கரை, ஸ்டீராய்டால் ஏறியது. ஆகஸ்டில் வெறும் வயிற்றில் 94, பின் 132, மருத்துவர் மெட்ஃபார்மினை நிறுத்தினார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் என்பதால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். லூபஸ், மருந்து விஷத்தால் வந்த மதிப்பெண், நீக்கப்பட்டது. முடக்குவாதம், டிசம்பரில் ஸ்டீராய்டு இல்லாமல் எடுத்த அல்ட்ராசவுண்டிலும் அழற்சி இல்லை, எக்ஸ்ரேயில் அரிப்பு இல்லை, நீக்கம், ஆனால் மூட்டு வீங்கினால் திறக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தபோது இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் சர்க்கரைப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்ல முடிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.பி., இரத்த அணு, கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம். சி3, சி4 ஆறு மாதத்துக்கு. நடுவில் உடனே போக வேண்டிய காரணங்கள் கதவில் ஒட்டியிருக்கின்றன: விரல் நுனியில் புண் அல்லது கறுப்பு, மூன்றாவது மாடி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு, நுரைக்கும் சிறுநீர், பி.பி. 140/90க்கு மேல், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கையின் தோல் இறுகுவது. தூக்கமில்லாத இரவுகளும் இருந்தன. ‘எல்லாம் மனசுலதான்’ என்று வீட்டிலேயே பேச்சு வந்த செப்டம்பரில் அவர் டெலி-மானஸ் 14416இல் பேசினார், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மூட்டுநோய்க்கும் மனச்சோர்வுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுப்பதில் முரண் எதுவும் இல்லை.

அடுத்த மே தொடக்கத்தில் நகக்கண் பரிசோதனை, தடைக்காலம் தொடங்கி மூன்று வாரம் கழித்து, முள் குத்திய காயங்கள் ஆறிய பிறகு. அதுவரை மருந்தளவில் மாற்றமில்லை.